நேரலகொப்பத்து வளைவு

முதலில் பேனாவைப் பறித்தார்கள். பிறகு குடை. பிறகு தண்ணீர் பாட்டில். வெற்றிலைப் பெட்டியைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிடலாம் என்று குருபாதப்பா பார்த்தார். வாசல் மேஜைக்குப் பின்னால் இருந்த எல்லப்பா கையை நீட்டியபடியே இருந்தார்.

"சாப்பாட்டுப் பையும் குடுங்க சார்."

"அதுல ஜோள ரொட்டியும் கத்திரிக்காயும்தான்யா இருக்கு. பாம் இல்ல."

"பாம் ஒரு தடவைதான் சார் வெடிக்கும். எண்ணெய்க் கறை காகிதம் இருக்கிற வரைக்கும் இருக்கும்."

முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் அடுத்தவர்களின் மூட்டை முடிச்சுகளை நிறுத்திப் பார்த்தவர் குருபாதப்பா. அவருடைய மூட்டையை யாரும் இதுவரை நிறுத்தியதில்லை. கடைசியில் எல்லப்பா ஒரு பென்சிலும், பொருள்களை வைத்துப் பூட்டிய அலமாரியின் சாவியும் கொடுத்து, "இனிமே போகலாம்" என்றபோது, அவருக்குச் சட்டையைத் தவிர எல்லாம் போய்விட்ட மாதிரி இருந்தது.

பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாவது மாடி. பழைய குடும்பங்கள் கொடுத்த கடிதக் கட்டுகள், வரைபடங்கள், கையெழுத்துப் படிகள் எல்லாம் இருக்கும் தனிச் சேகரிப்புப் பிரிவு. உள்ளே ஊட்டிக் குளிர். தார்வாடின் ஆடி மழை வெளியே கொட்டிக்கொண்டிருக்க, உள்ளேயும் ஏன் குளிரைக் கூட்டி வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. கம்பளிச் சட்டை போட்ட ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பிரிவின் தலைவி சுனந்தா கெரூர்.

"வாங்க சார். இந்தப் படிவத்தை நிரப்புங்க. பேரு, முகவரி, ஆய்வுத் தலைப்பு."

பெயர், முகவரி சுலபமாக வந்துவிட்டன. தலைப்பு என்ற இடத்தில் 'ரயில்வே' என்று எழுதினார்.

சுனந்தா வாங்கிப் பார்த்தாள். "ரயில்வேன்னு போட்டா முந்நூத்திப் பன்னெண்டு பெட்டி இருக்கு சார். எல்லாமா வேணும்?"

"எல்லாம் வேணாம்மா."

"அப்போ கொஞ்சம் குறுக்குங்க."

அவர் யோசித்து, 'ரயில்வே'யை அடித்துவிட்டு 'வளைவு' என்று எழுதினார்.

அந்த வளைவுதான் அவருடைய பிரச்சினை. பதினோரு வருஷம் அவர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த நேரலகொப்பத்தில் ரயில் பாதை வளைகிறது. அதுவரை நூல் பிடித்த மாதிரி நேராக வரும். நேரலகொப்பம் வந்ததும் நாலு மைலுக்கு வில்லாக வளைந்து, மறுபடி நேராகி, ஒன்றும் நடக்காத மாதிரி போய்விடும். அங்கே மலை இல்லை. ஏரி இல்லை. கோயில்கூட இல்லை. சோளக்கொல்லையும் கருப்பு மண்ணும்தான். ஒவ்வொரு டிரைவரும் அங்கே வேகத்தைக் குறைத்துவிட்டு, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மாஸ்டரே, இது ஏன் இப்படி வளையுது?" என்று கேட்பார். பதினோரு வருஷம் அவர் தோளைக் குலுக்கினார்.

ஓய்வு பெறும் நாளன்று கழுத்தில் மாலை விழுந்த மப்பில், "இனிமே நேரம் இருக்கு, நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன்" என்று மைக்கில் சொல்லிவிட்டார். யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தார். ஆனால் இரட்டைப் பாதை போடுகிறார்கள், வளைவை நேராக்கப் போகிறார்கள் என்று மூன்று மாதத்தில் உத்தரவு வந்துவிட்டது. வளைவில் ஓடப்போகும் கடைசி வண்டிக்கு ஒரு விழா. புது ஸ்டேஷன் மாஸ்டர் இனாயத் போன் செய்தான்.

"சார், அழைப்பிதழ் அச்சாயிடுச்சு. உங்க பேரும் போட்டிருக்கு."

"என்னன்னு?"

"'வளைவின் வரலாறு. சிறப்புரை.' சரியா பதிமூணு நாள் இருக்கு சார்."

மனைவி கஸ்தூரியிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. இந்த வளைவைப் பற்றி வீட்டில் பேச்செடுத்த போதெல்லாம், "வளைஞ்சா வளைஞ்சிட்டுப் போகுது. ரயில் போகுதில்ல?" என்று கேட்டவள் அவள். அதோடு வீட்டில் அவருடைய செல்வாக்கும் அப்போது அவ்வளவு நன்றாக இல்லை. ஓய்வு பெற்று வந்த முதல் வாரமே சமையலறைச் சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தார். பால் வருகை ஆறு பத்து. இட்லி புறப்பாடு ஏழு நாற்பது. வேலைக்காரி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுத ஒரு நோட்டு. மளிகை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கியதில் கஸ்தூரி ரசத்தில் கசகசாவைப் போட்டுவிட்டாள்.

ஆகவே, "பென்ஷன் காகிதத்துல ஏதோ சிக்கல். ஹுப்பள்ளி ஆபீசுக்குப் பத்துப் பன்னெண்டு நாள் அலையணும் போல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கஸ்தூரி ஒரு கேள்வி கேட்கவில்லை. பெரிய டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்து, "அவசரப்படாம முடிச்சிட்டு வாங்க" என்றாள். பாவம், எவ்வளவு நம்புகிறாள் என்று அவருக்கு நெஞ்சு கனத்தது.

அரை மணி கழித்து எல்லப்பா தள்ளுவண்டியில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். குருபாதப்பா கைகளைத் தேய்த்துக்கொண்டு திறந்தார். மதியம் வரைக்கும் படித்தார். இங்கிலீஷ் கடிதங்கள். கலெக்டர் ஒருவர் எழுதியவை. வளைவைப் பற்றித்தான் எல்லாம். வளைவு வலிக்கிறது, வளைவுக்கு எண்ணெய் போட்டாகிவிட்டது, வளைவு இன்று கொஞ்சம் தேவலை.

"எல்லப்பா, தண்டவாளத்துக்கு எண்ணெய் போடுவாங்களா?"

எல்லப்பா எட்டிப் பார்த்தார். "அது குதிரை சார். கலெக்டரோட குதிரைக்குப் பின்னங்கால் வளைவு. நீங்க வளைவுன்னு எழுதினீங்க, பட்டியல்ல அதுதான் வந்துச்சு."

"முதல்லயே சொல்லக் கூடாதா?"

"ஆராய்ச்சியில நாங்க தலையிடக் கூடாது சார்."

மறுநாள் சுனந்தாவே உட்கார்ந்து கேட்டாள். எந்த ஊர், எந்தக் காலம், அப்போது அந்த ஊரில் பெரிய மனுஷர் யார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல, கேள்வி சுருங்கிக்கொண்டே வந்தது. ஊர் ஜமீன்தாரான நேரலகொப்பத்து தேசாயி குடும்பம் தன்னுடைய காகிதங்களையெல்லாம் இந்த நூலகத்துக்குக் கொடுத்திருந்தது. பாதைக்கு நிலம் போயிருந்தால் தேசாயிக்குத் தெரியாமல் போயிருக்காது.

"பாத்தீங்களா சார்? முந்நூத்திப் பன்னெண்டு பெட்டி, இப்போ ஒரே பெட்டி ஆயிடுச்சு" என்றாள்.

குருபாதப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்த உற்சாகத்தில் பென்சிலை அழுத்தி எழுத, முனை உடைந்தது. சீவியது உள்ளே விழக் கூடாதாம், வெளியே போய்த்தான் சீவ வேண்டும். வெளியே போனால் கையெழுத்து, உள்ளே வந்தால் கையெழுத்து. அன்று சாயங்காலத்துக்குள் பதிவேட்டில் ஒரு பக்கம் முழுக்க அவர் பெயரே இருந்தது.

"சார், இந்த வருஷத்துக்கு வாசகர் எண்ணிக்கையில நம்ம பிரிவு முதலிடம்" என்றார் எல்லப்பா.

தேசாயி பெட்டியைத் திறந்ததும் குருபாதப்பாவுக்கு உடம்பெல்லாம் அரித்தது. காகிதங்கள் தலைகால் புரியாமல் கிடந்தன. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கடிதத்துக்குப் பக்கத்தில் எண்பத்தாறு. கல்யாண அழைப்புக்கு நடுவில் கிணற்றுச் செலவு. இப்படி ஒரு ரயில்வே ஆபீஸ் இருந்தால் ஒரு நாளில் நாலு வண்டி மோதிக்கொள்ளும். இவ்வளவு உபகாரம் செய்கிற இந்தப் பெண்ணுக்கு நம்மால் ஒரு சின்ன உதவி என்று நினைத்தார். சுனந்தா ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தாள். எல்லப்பா டீ குடிக்கப் போயிருந்தார். இரண்டே மணி நேரத்தில் நூற்று எண்பது காகிதங்களையும் தேதி வாரியாக அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து வைத்துவிட்டார்.

சுனந்தா திரும்பி வந்து பார்த்தாள். நின்ற இடத்திலேயே நின்றாள்.

"யாரு அடுக்கினது?"

"நான்தாம்மா" என்றார் குருபாதப்பா அடக்கமாக.

"சார்... அது எந்த வரிசையில வந்துச்சோ அந்த வரிசையிலதான் சார் இருக்கணும். தேசாயி வீட்டுல எதுகூட எதைச் சேர்த்துக் கட்டி வச்சிருந்தாங்கங்கிறதே ஒரு சாட்சி. அது போனா திரும்ப வராது."

அவருக்கு முகம் வெளிறிவிட்டது. "கவலைப்படாதீங்க. எனக்கு ஞாபக சக்தி அதிகம். எல்லா வண்டி நேரமும் மனப்பாடம்" என்று சொல்லி, நினைவிலிருந்து பழைய வரிசைக்கு மாற்ற ஆரம்பித்தார். மாற்றி முடித்தபோது தேதி வரிசையும் இல்லை, பழைய வரிசையும் இல்லை. மூன்றாவதாக ஒரு வரிசை உண்டாகியிருந்தது.

இதோடு வெளியே போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்து அவரே சாவியை மேஜைமேல் வைத்துவிட்டார். சுனந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பெருமூச்சு விட்டாள். பிறகு பொறுமையாக, "ஒவ்வொரு காகிதத்துக்கும் பின்னாடி பென்சில்ல எண் போட்டிருக்கு. பட்டியலை வச்சு ரெண்டு பேரும் சேர்ந்து சரிபண்ணலாம். ரெண்டு மூணு நாள் ஆகும். நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க" என்றாள்.

"நானா? இன்னும் என்னை உள்ள விடுவீங்களா?"

"வராம இருந்துடாதீங்க சார்" என்றாள் அவள் அவசரமாக.

இப்படி ஒரு தங்கமான பெண்ணை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

மூன்று நாள் எண் பார்த்து அடுக்கினார்கள். எண் நாற்பத்தேழு எங்கே, நாற்பத்தெட்டு எங்கே என்று தேடுகிற சாக்கில் பெட்டியில் இருந்த ஒவ்வொரு காகிதமும் அவர் கையில் ஒரு தடவை புரண்டது. பாதியில்தான் அது கிடைத்தது. சர்வே செய்த துரை தேசாயி வீட்டுக்கு எழுதிய இங்கிலீஷ் கடிதம். மூன்றே வரி. 'அம்மையாரின் விண்ணப்பத்தை முன்னிட்டு நேரலகொப்பத்தில் பாதையை மாற்றியிருக்கிறேன். விண்ணப்பத்தில் கண்ட காரணம் எனக்கு நன்றாகப் புரிகிறது. எனக்கும் லண்டனில் ஓய்வு பெற்ற தகப்பனார் இருக்கிறார்.'

குருபாதப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். "அம்மையாரா! எந்த அம்மையார்? என்ன விண்ணப்பம்?"

"உஷ்" என்றார் எல்லப்பா.

"அந்த அம்மா எழுதின கடிதமும் இதுக்குள்ளதான் இருக்கணும் சார். ஆனா அந்த வீட்டுக் கடிதமெல்லாம் மோடி எழுத்துல இருக்கும்" என்றாள் சுனந்தா. "உங்களுக்கு மோடி படிக்க வருமா?"

அந்தக் காலத்து மராட்டிக் கணக்கர்கள் பேனாவை எடுக்காமல் இழுத்துக்கொண்டே போன எழுத்து அது. பார்த்தால் மழைக்குப் பிறகு மண்புழு ஊர்ந்த சுவடு மாதிரி இருக்கும். தெரியாது என்று சொல்வதற்கு ஒரு நொடிதான் ஆகும். ஆனால் பெட்டியைக் கலைத்த அவமானம் இன்னும் ஆறவில்லை. இன்னொரு தடவை இந்தப் பெண் முன்னால் ஒன்றும் தெரியாதவனாக நிற்க அவருக்கு மனம் வரவில்லை.

"ஓரளவுக்கு வரும்" என்றார்.

"அப்படியா சார்!" சுனந்தாவின் முகம் மலர்ந்தது. "இங்க படிக்கத் தெரிஞ்சவங்களே இல்ல. நாளைக்கு எம்.ஏ. பிள்ளைங்க பன்னெண்டு பேரு வர்றாங்க. ஒரே ஒரு கடிதம் படிச்சுக் காட்டிடுங்க."

அன்றைக்கு சாயங்காலம் வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "பென்ஷன் சிக்கல் பெரிசாயிடுச்சா?" என்று கஸ்தூரி கேட்டாள். "ரொம்பப் பெரிசு" என்றார். "அப்போ இன்னும் நாலு நாள் ஆகும்" என்று அவளே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டு, அடுத்த நாள் டப்பாவில் கூடுதலாக இரண்டு ரொட்டி வைத்தாள்.

மறுநாள் பன்னிரண்டு பிள்ளைகள் சுற்றி நிற்க, குருபாதப்பா ஒரு கடிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எல்லப்பா பக்கத்தில் வந்து, அதைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தார்.

"இது... மாட்டுச் சந்தையைப் பத்தினது" என்று தொடங்கினார். தொடங்கியதும் வந்துவிட்டது. சந்தையில் எத்தனை மாடு, எந்த மாட்டுக்கு வாய் நோய், அதற்கு தேசாயி சொன்ன மருந்து, மாட்டுக்காரன் அழுத அழுகை. முன்வரிசையில் ஒரு பெண் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள். மாட்டுக்காரனின் பெயரைக்கூடக் கேட்டாள். அவர் கொடுத்தார். போகும்போது எல்லோரும் கை தட்டினார்கள்.

அறை காலியானதும் எல்லப்பா மெதுவாகச் சொன்னார்: "சார், அது கல்யாணப் பத்திரிகை."

குருபாதப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"எனக்கு மோடி படிக்க வரும் சார். எங்க நிலத் தகராறுக்குப் பத்திரம் படிக்கணும்னு ரெண்டு வருஷம் ஒருத்தர்கிட்ட போய்க் கத்துக்கிட்டேன். நிலம் போயிடுச்சு. எழுத்து மட்டும் மிச்சம்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல சார். மேடம்கூட 'இங்க படிக்கத் தெரிஞ்சவங்களே இல்ல'ன்னுதான் சொல்றாங்க."

அவர் நேராக சுனந்தாவிடம் போனார். பொய் சொன்னேன், மோடி தெரியாது, மாடும் பொய், மாட்டுக்காரனும் பொய், அந்தப் பெண் பாவம் எழுதிக்கொண்டு போய்விட்டாள், என்னை மன்னித்துவிடுங்கள், நான் போகிறேன் என்று ஒரே மூச்சில் கொட்டினார். எல்லப்பாவுக்குத்தான் எழுத்துத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

சுனந்தா எல்லப்பாவைப் பார்த்த பார்வையில், ஒன்பது வருஷம் கூடவே வேலை பார்த்தும் தெரியாமல் போன வியப்பு இருந்தது. பிறகு குருபாதப்பாவிடம் திரும்பி, "அந்தப் பொண்ணுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன் சார். நீங்க எங்கயும் போக வேணாம். இனிமே எல்லப்பா படிக்கட்டும், நீங்க எழுதுங்க" என்றாள்.

"என் மேல கோபமே இல்லையாம்மா உங்களுக்கு?"

"ஆராய்ச்சின்னா அப்படித்தான் சார்" என்றாள். கொஞ்சம் சிரித்த மாதிரியும் இருந்தது.

விழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. மோடிக் கடிதங்கள் நூற்றுப் பத்து. எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தால் அடுத்த ஆடிதான். அப்போதுதான் குருபாதப்பாவுக்குள் இருந்த ஸ்டேஷன் மாஸ்டர் கண் விழித்தார். எழுத்து தெரியாவிட்டாலும் மோடி இலக்கங்களை எல்லப்பாவிடம் அரை மணியில் கற்றுக்கொண்டிருந்தார். துரையின் பதில் மார்ச் இருபத்து மூன்று. அது வந்து சேர்ந்த வண்டி என்றால், இங்கேயிருந்து புறப்பட்ட வண்டி ஒன்று இருக்கும். அந்தக் காலத்துத் தபால், குதிரை, மாட்டு வண்டி, துரை கூடாரத்தில் இருக்கிறாரா என்கிற சந்தேகம் எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நாள்.

"மார்ச் பத்துலேர்ந்து பதினாலுக்குள்ள எழுதினது மட்டும் எடு எல்லப்பா."

மூன்று இருந்தன. ஒன்று நெல் கணக்கு. ஒன்று மருமகளுக்குப் பிரசவம். மூன்றாவதைப் படிக்க ஆரம்பித்த எல்லப்பா பாதியில் நிறுத்திவிட்டார். தோள் குலுங்கியது.

"என்னய்யா?"

"இதுதான் சார். அவங்க வச்சுக்கிட்ட நகல். எழுதிக்குங்க."

எல்லப்பா படிக்கப் படிக்க, குருபாதப்பா எழுதினார்:

'சர்வே துரை அவர்களுக்கு ராதாபாயி தேசாயி எழுதிக்கொள்வது. என் எஜமானர் சமஸ்தானப் பொறுப்பை மகனிடம் கொடுத்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறார். காய்கிற மிளகாயை எண்ணுகிறார். தயிர் மத்தை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று வேலைக்காரிகளுக்குக் காட்டிக்கொடுக்கிறார். மூன்று பேர் நின்றுவிட்டார்கள். அவருக்கு ரயில் வண்டி பார்க்க மிகுந்த ஆசை. உங்கள் பாதை வீட்டிலிருந்து மூன்று மைல் தள்ளிப் போவதாகச் சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் அவர் நடக்க மாட்டார். வாசலுக்கே கொண்டுவந்துவிட்டாலோ வாசலில் உட்கார்ந்தே பார்த்துவிடுவார். ஆகவே ஒன்றரை மைலில் வரும்படி கொஞ்சம் வளைத்துத் தர வேண்டும். காலையில் போனால் சாயங்காலம் திரும்பி வருவார். அதற்கு வேண்டிய நிலத்தை என் ஸ்ரீதனத்திலிருந்து இனாமாகத் தருகிறேன். இந்தக் கடிதம் அவருக்குத் தெரிய வேண்டாம்.'

குருபாதப்பா பென்சிலைக் கீழே வைத்தார். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. உஷ் சொல்ல வேண்டிய எல்லப்பாவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நூற்று முப்பது வருஷமாக டிரைவர்கள் வேகத்தைக் குறைத்ததும், பதினோரு வருஷம் அவர் தோளைக் குலுக்கியதும், ஒரு மனுஷனைப் பகலில் வீட்டை விட்டு வெளியே அனுப்பவா!

"பாவம்யா அந்த தேசாயி! தினமும் நடந்து போய் ரயில் பார்த்திருப்பான். தனக்காகத்தான் அது வளைஞ்சுதுன்னு சாகிற வரைக்கும் தெரிஞ்சிருக்காது. என்ன ஒரு அப்பாவி!"

சுனந்தாவுக்கு இருமல் வந்தது. மேஜைக்கு அடியில் எதையோ தேடக் குனிந்தவள் ரொம்ப நேரம் நிமிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. பந்தல், வாழைமரம், மாலை போட்ட எஞ்சின். பென்ஷன் ஆபீஸ் விஷயத்தைக் கடைசிவரை சொல்லாமல், "இனாயத் கூப்பிட்டிருக்கான், சும்மா வா" என்று கஸ்தூரியையும் அழைத்துப் போயிருந்தார். மைக்கைப் பிடித்தார். ராதாபாயியின் கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தார். மிளகாய் எண்ணிய இடத்தில் பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. ஒன்றரை மைல் வந்தபோது பந்தலே குலுங்கியது. வண்டி புறப்பட்டு கடைசித் தடவையாக அந்த வளைவில் மெதுவாகத் திரும்பியபோது, டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ராதாபாயிக்கு ஜே!" என்று கத்தினார்.

திரும்பும் பஸ்ஸில் கஸ்தூரி கேட்டாள்: "ஏங்க, பென்ஷன் ஆபீஸ்ல இவ்வளவு பழைய காகிதமெல்லாமா வச்சிருக்காங்க?"

அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். திட்டுவாள் என்று காத்திருந்தார்.

"நல்லா பேசினீங்க" என்றாள் அவள்.

கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் கேட்ட முதல் பாராட்டு. இப்பேர்ப்பட்டவளிடம் பொய் சொல்லிவிட்டு, பதிமூன்று நாள் தனியாக வீட்டில் தவிக்க விட்டோமே என்று உருகிப்போனார்.

"இனிமே உன்னை விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன் கஸ்தூரி. நாளையிலேர்ந்து நாள் பூரா வீட்டுலதான்."

கஸ்தூரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆராய்ச்சியெல்லாம் அவ்வளவு சீக்கிரமா முடிஞ்சிடுமா?" என்றாள்.

திங்கட்கிழமை காலையில், "பன்னெண்டு மணிக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு கிலோ பேடா வாங்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனார். பேடாவை உள்ளே விடவில்லை. வாசல் மேஜையிலேயே மூவரும் நின்று சாப்பிட்டார்கள். பதிவேட்டில் எல்லப்பாவின் பெயருக்கு நேரே 'மோடி வாசிப்பாளர்' என்று சுனந்தா எழுதியிருந்ததைப் பார்த்து குருபாதப்பாவுக்கு மனசு நிறைந்தது. அவர் பென்சிலையும் சாவியையும் நீட்டினார்.

"ரொம்ப நன்றிம்மா. வந்த வேலை முடிஞ்சுது. வேற எந்த இடமா இருந்தாலும் முதல் நாளே என்னைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளியிருப்பாங்க."

சுனந்தா சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. "முடிஞ்சுதுன்னு யார் சார் சொன்னது? துரைக்கு லண்டன்ல அப்பா இருந்தாரே, அவரைப் பத்தி இன்னும் ஒண்ணும் பார்க்கலையே?"

"அது எதுக்கும்மா எனக்கு? வீட்டுல அவ தனியா இருக்கா."

உள்ளே தொலைபேசி அடித்தது. எல்லப்பா கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார். இரண்டு நிமிஷத்தில் தள்ளுவண்டியோடு திரும்பி வந்தார். வண்டியில் புதிதாக ஒரு பெட்டி இருந்தது.

"சார், உங்க வீட்டம்மாதான் பேசினாங்க. இன்னிக்கு உங்க வீட்டுச் சீட்டாட்டத்துல நம்ம மேடத்தோட அம்மா விடாம ஜெயிக்கிறாங்களாம், மத்தவங்க எழுந்திருக்க மாட்டேங்கிறாங்களாம். வழக்கம் போல உங்களுக்கு இன்னொரு பெட்டி எடுத்துக் குடுத்து, அஞ்சு மணி வரைக்கும் உக்கார வைக்கச் சொன்னாங்க."